அதே ஜோக், நாற்பதாவது முறை

மேடையில் சிரிக்க வைப்பவருக்கு இருக்கும் முதல் வசதி வீடியோ கேமுக்கு நகைச்சுவை எழுதுபவருக்குக் கிடையாது. நேரம் அவர் கையில் இல்லை. எங்கே நிற்பது, வசனம் பாதியில் இருக்கும்போதே கதவைத் திறந்து போய்விடுவதா என்பதெல்லாம் ஆடுகிறவர் இஷ்டம். நல்ல ஜோக் எழுத வருவது இந்த வேலைக்குப் பாதித் தகுதிதான். அது எந்த இடத்தில் பிழைக்கும் என்று தெரிவதுதான் மீதிப் பாதி.

அன்றாட வேலை பெரும்பாலும் ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் நடக்கும். வசனத்துக்கு ஒரு வரிசை. அதில் அடையாள எண், யார் பேசுவது, என்ன நடந்தால் ஒலிக்க வேண்டும், மறுபடி ஒலிக்க எத்தனை நொடி கழிய வேண்டும், நடிகருக்கு என்ன குறிப்பு என்று தனித்தனிக் கட்டங்கள். அடிபடும் காவலாளி கத்துகிற வரி ஒரே மாலையில் நாற்பது முறை காதில் விழலாம். அங்கே பளிச்சென்ற ஜோக் வைக்கக் கூடாது. முதல்முறை சிரிப்பு வரும், மூன்றாம் முறை எரிச்சல்தான் வரும். பத்துப் பன்னிரண்டு மாற்று வரிகள் எழுதி, அவற்றில் அவன் சுபாவம் மட்டும் தெரிந்தால் போதும். பெரிய ஜோக்கெல்லாம் ஒரே ஒருமுறை நடக்கும் சம்பவங்களுக்கு. புதிருக்கான குறிப்பை ஜோக்கோடு ஒட்டி எழுதுவதும் ஆபத்து. சிரிக்கிற நேரத்தில் குறிப்பு காதில் ஏறாது. இரண்டாம் முறை கேட்டால் குறிப்பு மட்டும் வருகிற மாதிரி தனி வரியாகப் பிரித்துவிட வேண்டும்.

ஆடுகிறவர் கையிலேயே ஜோக்கைக் கொடுத்துவிடுவது எப்படி என்று பார்க்க, 1990-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' இன்றைக்கும் நல்ல பாடம். ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் சேர்ந்து எழுதியது. அதில் வாள்சண்டையைக் கைவேகத்தால் ஜெயிக்க முடியாது. எதிராளியின் வசைக்குப் பொருத்தமான பதிலடி கொடுக்க வேண்டும். வழியில் சந்திக்கும் கடற்கொள்ளையர்களிடம் தோற்றுத் தோற்றுத்தான் வசைகளும் பதில்களும் சேரும். கடைசியில் வாள் வித்தகியிடம் போனால், அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் கேட்டிராத வசைகள். பதில்களோ நம்மிடம் இருக்கும் பழையவைதான், அவற்றிலிருந்தே பொருந்துவதைத் தேட வேண்டும். எழுதுகிறவர் பக்கம் நின்று யோசித்தால் இதன் கஷ்டம் புரியும்: ஒவ்வொரு பதிலும் சம்பந்தமில்லாத இரண்டு வசைகளுக்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். இந்த மாதிரி ஒன்றை எழுத உட்காருபவர் பதிலை முதலில் முடிவு செய்துகொண்டு, அதை நோக்கி வரும் இரண்டு வசைகளைப் பின்னோக்கி எழுதுவது நல்லது. வசையிலிருந்து தொடங்கினால் இரண்டாவது ஜோடி அமையவே அமையாது. சரியான பதிலைத் தேர்ந்தெடுத்தவர் தன் புத்தியாலேயே எதிராளியை மடக்கியதாக உணர்கிறார். வேறெந்தக் கலையிலும் இது இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

2007-இல் வந்த வால்வ் நிறுவனத்தின் புதிர் கேமான 'போர்ட்டல்' வேறு வகை. அதன் கட்டங்களில் (லெவல்களில்) ஒன்றில் ஒரே பெட்டியைக் கடைசிவரை தூக்கிச் செல்ல வேண்டும். சோதனைக்கு ஆடியவர்கள் அதை அங்கங்கே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பெட்டியை உயிர்த் துணையாகப் பாவிக்கும் வசனங்கள் கேம் முழுக்க ஆடுகிறவருக்கு உத்தரவு போடும் கேலிக்குரல் கணினிக்கு எழுதப்பட்டன, பெட்டியின் மேல் இதயச் சின்னமும் வந்தது. அதன் பிறகு யாரும் பெட்டியை மறக்கவில்லை. கட்டத்தின் முடிவில் அதே பெட்டியை எரியுலையில் போடச் சொல்கிறது அந்தக் குரல். சிரிப்பும் வருகிறது, மனசும் கேட்பதில்லை. கூடவே, கடைசிச் சண்டைக்குத் தேவையான, பொருளை எரியுலையில் போடும் வித்தையும் பழகிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஜோக் பிறக்க வேண்டுமானால் எழுத்தாளர் சோதனை ஆட்டங்களில் ஆடுகிறவருக்குப் பின்னால் வாய்திறக்காமல் உட்கார வேண்டும். எங்கே தயங்குகிறார், எதை மூன்று முறை தட்டிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்றாவது தட்டலுக்கு ஒரு வரி எழுதி வைத்தால், தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று ஆடுகிறவர் பூரித்துப்போவார். எல்லாம் முடிந்த பிறகு எழுத்தாளரை அழைத்து 'கொஞ்சம் காமெடி சேருங்கள்' என்று கேட்கும் நிறுவனங்களுக்கு இது கிடைக்காது.

ஒலிப்பதிவு தனித் தலைவலி. அமெரிக்க நடிகர் சங்க விதிப்படி ஒரு அமர்வு வழக்கமாக 4 மணி நேரம். கத்தல், அலறல் எல்லாம் கடைசியில்தான். முதலிலேயே வைத்தால் மீதி வசனத்துக்குக் குரல் இருக்காது. கட்டத்தின் அமைப்பு உறுதியாகும்வரை கணினிக் குரலிலேயே ஓட்டுவது உத்தமம். பதிவுக்குப் பிறகு ஒரு கதவு இடம் மாறினாலும் அதை நம்பிய ஜோக் வீண்.

இந்த வேலைக்குள் நுழைய ஒரே வாசல் என்று கிடையாது. ஷேஃபர் தன் விண்ணப்பக் கடிதத்தையே படம் போட்ட எழுத்து-கேமாக (வாசித்து, கட்டளை தட்டி ஆடும் வகை) அனுப்பினார். போர்ட்டலின் எழுத்தாளர்கள் எரிக் வோல்பா, செட் ஃபாலிசெக் இருவரும் கேம்களைக் கிண்டலடிக்கும் இணையதளம் நடத்தியவர்கள். இன்றைக்கு, கிளை பிரியும் கதை-கேம் எழுத உதவும் ட்வைன், இங்க் போன்ற கருவிகள் இலவசம். பதினைந்து நிமிடத்தில் ஆடி முடிக்கக்கூடிய ஒன்றை முழுதாகச் செய்து காட்டுவது, நூறு பக்க வசனக் கோப்பைவிட மேல். வேலைக்கு எடுப்பவர் அதில் வேண்டுமென்றே தப்பான வழியில் போய்ப் பார்ப்பார். அங்கேயும் வரி இருக்க வேண்டும்.

ஒப்பந்த வேலை என்றால் ரகசியக் காப்பு விதியால் கேம் வெளிவரும்வரை ஒரு வரிகூட வெளியில் காட்ட முடியாது, பாதியில் கைவிடப்பட்டால் ஒருபோதும் முடியாது. ஆகவே காட்டுவதற்கென்று சொந்தப் படைப்பு எப்போதும் கையில் இருக்க வேண்டும். கேமை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியலில் தன் பெயர் எந்தப் பதவியின் கீழ் வரும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். நடுவில் விலகினாலும் பெயர் நிற்குமா என்பதையும் அதிலேயே சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.