மகளுக்கு அக்சா என்று பெயர் வைத்தோம்

எங்கள் கோத்தகிரிச் சபையில் ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டைத் திறந்தால் எஸ்தர், ரூத், பிரிசில்லா, ஏஞ்சல், ஜெனிஃபர் என்று வரிசையாக வரும். ஒரே வகுப்பில் இரண்டு எஸ்தர் இருந்தால் ‘டீக்கடை எஸ்தர்’, ‘டிரைவர் வீட்டு எஸ்தர்’ என்று அடையாளம் சொல்லித்தான் கூப்பிடுவோம். எஸ்தர் நல்ல பெயர்தான், என் அம்மாவின் பெயரே அதுதான். ஆனாலும் வயிற்றில் இருப்பது பெண்ணாக இருந்தால், வேதாகமத்தில் இருந்தும் யாரும் அதிகம் எடுக்காத ஒரு பெயரை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இணையத்துப் பெயர்ப் பட்டியல்கள் எனக்கு உதவவில்லை. பெயர், பக்கத்தில் ஓர் அர்த்தம், அவ்வளவுதான். அந்தப் பெண் என்ன செய்தாள், அவளுக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி இருக்காது. பெயருக்குப் பின்னால் இருக்கிற ஆளைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பிள்ளைக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேதாகமத்தில் ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் பழைய ஒத்தவாக்கிய அகராதி மாமாவிடம் இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெண் பெயராகத் தேடி, அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தேன்.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியவள் ரிஸ்பாள். இரண்டாம் சாமுவேல் 21. கொல்லப்பட்ட தன் பிள்ளைகளின் உடல்கள் அருகே பாறையில் இரட்டுத் துணியை விரித்து உட்கார்ந்து, அறுப்புக்காலம் தொடங்கி மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் அண்ட விடாமல் காத்தவள். வாசித்துவிட்டு அழுதேன். அவளைப்போல ஒரு தாய் வேதாகமத்திலேயே குறைவு. ஆனால் அந்தத் துக்கத்தைப் பிறக்கப்போகிற குழந்தையின் தலையில் வைக்க முடியாது.

உல்தாளை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆலயத்தில் நியாயப்பிரமாண புத்தகம் கிடைத்தபோது, யோசியா ராஜாவின் ஆட்கள் விசாரிக்கப் போனது இந்தத் தீர்க்கதரிசியிடம்தான். பெயரைச் சொல்லிப் பார்த்தோம், வீட்டில் யார் வாயிலும் நிற்கவில்லை. ஒன்று நாளாகமம் 7-இல் வரும் சேராள், கீழ் பெத்தொரோனையும் மேல் பெத்தொரோனையும் கட்டியவள். ஊரைக் கட்டிய ஒரு பெண்! ஆனால் தமிழ்க் காதுக்கு அது ‘சேர மாட்டாள்’ என்று விழும். அதோடு விட்டுவிட்டோம்.

பிறகு செலோப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக எங்கள் பங்கு போய்விடலாமா என்று மோசேயின் முன்னால் நின்று கேட்டவர்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொல்லுகிறார். எமீமா உட்பட யோபுவின் மூன்று மகள்களுக்கும் சகோதரர்களோடு பங்கு கிடைத்ததாக அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரம் சொல்கிறது. திர்சாவும் எமீமாவும் கடைசிவரை எங்கள் தாளில் இருந்தன.

இந்தத் தடத்தில் போகும்போதுதான் யோசுவா 15-இல் அக்சாளைப் பார்த்தேன். காலேபின் மகள். கீரியாத்செப்பேர் என்ற ஊரைப் பிடிக்கிறவனுக்கு அவளைக் கொடுப்பேன் என்று அப்பா சொல்ல, ஒத்னியேல் பிடிக்கிறான், கல்யாணம் நடக்கிறது. அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்டதாக இல்லை. அதன் பிறகு அவள் கழுதையிலிருந்து இறங்குகிறாள். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்கிறார் அப்பா. வறட்சியான நிலத்தைத் தந்தீர்கள், நீர்ப்பாய்ச்சலான நிலமும் வேண்டும் என்று நேராகக் கேட்கிறாள். மேற்புறத்து ஊற்றுகளும் கீழ்ப்புறத்து ஊற்றுகளும் அவளுக்குக் கிடைக்கின்றன. நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்திலும் இதே சம்பவம் உண்டு.

மலையில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்குனியில் குழாய் வறண்டால் தேயிலைக்குக் கீழே சோலையோரம் இருக்கிற ஊற்றுக்குத்தான் குடத்தோடு இறங்குவோம். தண்ணீர் இல்லாத நிலம் எதற்கு உதவும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கு வேண்டியதை அப்பா முகத்தைப் பார்த்துக் கேட்கவும் தெரிந்திருக்கிறது. என் மகளுக்கு இந்த இரண்டும் வேண்டும்.

அத்தைக்குத்தான் தயக்கம். “அக்சாவா? முஸ்லிம் பேரு மாதிரி இருக்கேம்மா.” பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே, “எங்க நாத்தனார் மக பேரும் அக்ஸாதான். எருசலேம்ல இருக்கிற பள்ளிவாசல் பேரு அது. அதனால என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடட்டும்” என்றார். அன்று இரவு ஜெபத்தில் நான் யோசுவா 15-ஐச் சத்தமாக வாசித்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்ப நானும் ஊத்துப் பக்கத்து நிலத்தைத்தான் பேத்திக்கு எழுதணும்போல” என்றார். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்குதான். ஆனாலும் அவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாள் காலை அத்தை தேயிலைச் சரிவின் மேலே நின்று, கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி “அக்சாஆஆ” என்று கூப்பிட்டுப் பார்த்தார். “நல்லா எட்டுது” என்றார். முடிவாகிவிட்டது.

குழந்தை பிறந்தது குன்னூரில். மருத்துவமனையிலிருந்து பிறப்புப் பதிவுக்கு உடனே விவரம் போய்விடும். பிறந்த 21 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். ஆனால் பெயர் அப்போதே வேண்டும் என்பதில்லை. 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். அதனால் யாராவது அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். தடுப்பூசி அட்டையில் ‘பேபி ஆஃப்’ என்று என் பெயரோடு கொஞ்ச நாள் இருந்தது. அதனால் ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஒரு தடவை பெயர் ஏறிவிட்டால் வேறு பெயருக்கு மாற்றுவது நடக்காது, எழுத்துப் பிழையைத் திருத்தலாம், அவ்வளவுதான். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். எழுத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ‘அக்சாள்’ என்று இருக்கிறது. பேச்சில் ‘அக்சா’தானே வரும் என்பதால் அதையே எழுதினோம். ஆங்கிலத்தில்தான் யோசனை. ஆங்கில வேதாகமத்தில் ‘சி, எச்’ போட்டிருப்பதை அப்படியே எழுதினால் வகுப்பில் ‘அச்சா’ என்று வாசிப்பார்கள். அதனால் ‘கே’ போட்டோம். இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி, எங்கள் அடையாள அட்டை நகல்களோடு நகராட்சியில் கொடுத்தோம். சான்றிதழ் வந்ததும் வாசலில் நின்றே ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தோம். குழந்தைகளுக்கான ‘பால் ஆதார்’ அட்டைக்கும் சபைப் பதிவேட்டுக்கும் அந்தச் சான்றிதழைப் பார்த்தே எழுதிக் கொடுத்தோம்.

ஞானஸ்நானத்தன்று ஆயர் பெயரைக் கேட்டதும் ஞானத்தாய் தெளிவாகச் சொன்னாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள், “வேதத்துல எங்க வருது?” என்று என்னிடம் கேட்க வந்தார்கள். அத்தை என்னைப் பேச விடவில்லை. கழுதையிலிருந்து இறங்கியதில் தொடங்கி, கீழ்ப்புறத்து ஊற்றுவரை அவரே சொல்லி முடித்தார்.