எட்டு மாசம் உடம்பு வலியோட அலைஞ்சேன், ஒருத்தரும் தூரத்தப் (மாதவிலக்கப்) பத்திக் கேக்கல

போன ஆடில ஆரம்பிச்சதுங்க. காலைல எந்திரிச்சா குதிகாலத் தரைல வெக்க முடியாது, விரல மடக்க அஞ்சு பத்து நிமிசம் ஆகும், கழுத்துல இருந்து தோள்பட்டை வரைக்கும் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கும். எனக்கு 46 வயசு, ரெண்டு மாடு இருக்குது, அதுபோக வீட்லயே தையல், வேலை செய்யற உடம்பு வலிக்கத்தான் செய்யும்னு தைலத்தத் தேச்சுட்டு விட்டுட்டேன். ஒருநா ஒறம்பரை வந்தாங்கன்னு சந்தகை (இடியாப்பம்) பிழியப் போய் கைப்பிடியச் சுத்த முடியாம வலது கை பாதிலயே நின்னுருச்சு, அன்னிக்குத்தான் பயம் வந்துச்சு.

மொதல்ல ஊருக்குள்ள இருக்கற கிளினிக்ல ஊசி. ரெண்டு நாள் நல்லாருந்துச்சு, மூணாம் நாள் பழையபடி. அப்பறம் டவுன்ல எலும்பு டாக்டர், எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு கழுத்தெலும்பு தேய்மானம், தையல் மெஷின்ல குனிஞ்சே உக்காந்தா இப்படித்தான்னு சொல்லி கழுத்துப் பட்டையும் பத்து நாளைக்கு வலி மாத்திரையும் குடுத்தாரு. பத்து நாள் மாத்திரை முடிஞ்சும் வலி போகலைன்னு நானே மெடிக்கல்ல அதே சீட்டக் காட்டி இன்னும் பத்து நாளைக்கு வாங்கித் தின்னேன், வயிறு எரிஞ்சு ராத்திரி தூங்க முடியாமப் போச்சு. இதை மட்டும் யாரும் செய்யாதீங்க, அந்த மாத்திரை வயித்துல புண்ணாக்கும், கிட்னியும் கெடும்.

நடுவுல ஒரு தப்பு வேற பண்ணேன். பக்கத்து ஊர்ல சுளுக்கு எடுக்கறவர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, எண்ணெயத் தடவி கையப் புடிச்சு ஒரே இழு இழுத்தாரு, கண்ணுல பூச்சி பறந்துச்சு. அதுக்கப்பறம் ஒரு வாரம் அந்தக் கைல டம்ளர் தூக்க முடியல. முன்ன கையத் தலை வரைக்குமாச்சும் கொண்டு போவேன், அப்பறம் கொண்டை போடறதுக்கே எம் மக வரணும்.

அப்பறம் கோயமுத்தூர் போனோம். விடிகாலைல அஞ்சு மணி பஸ், மாட்டுக்குத் தட்டுப் போட, பால் கறக்க எல்லாம் பக்கத்து வீட்டு அக்காகிட்டச் சொல்லிட்டு, எங்க வீட்டுக்காரரும் லீவு போட்டுட்டு வந்தாரு. ஒம்பதரைக்கு டோக்கன் வாங்கி பன்னெண்டரைக்குக் கூப்பிட்டாங்க, கவுண்டர்ல இருந்த பொண்ணு பழைய எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட் எங்கீங்கன்னுச்சு, போன் பண்ணிக் கேட்டப்ப ஒண்ணும் கொண்டு வரச் சொல்லலைங்களேன்னேன். அது நிமிந்து கூடப் பாக்கல, ரிப்போர்ட் இல்லாம டாக்டர் பாக்க மாட்டாரு, அடுத்த வாரம் வாங்கன்னு அடுத்த டோக்கனக் கூப்புட்டுருச்சு. திரும்பி வர்ற பஸ்ல மேல கம்பியப் புடிக்க முடியாம நின்னுட்டே வந்தேன், அழுகையா வந்துச்சு. மறுவாரம் போய் ரத்தம் குடுத்து, எம்ஆர்ஐ வரைக்கும் எடுத்து, எல்லாம் பாத்துட்டு அந்த டாக்டர் சொன்னது இதுதான்: "சரவாங்கி, முடக்குவாதம் எல்லாம் இல்லம்மா, ஒண்ணுமே இல்ல, மனசப் போட்டுக் குழப்பாம இருங்க." ஒண்ணுமில்லைன்னா கை ஏன் தூக்க முடியலைன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த ஆள் உள்ள வந்தாச்சு. இன்னிக்கு நெனச்சாலும் நெஞ்சு கொதிக்குது.

கடைசில புடிச்சது எங்க நங்கையா (அண்ணி). பங்குனில வந்தவங்க நான் கையத் தூக்க முடியாம நிக்கறதப் பாத்துட்டு, "ஏனம்மிணி, உனக்குத் தூரம் சரியா வருதா?" அப்டின்னாங்க. பால் கணக்கு எழுதற காலண்டர எடுத்துப் பாத்தோம், வட்டம் போட்டு வெச்சிருந்தேன். ஆடிக்கு முந்தி இருவத்தெட்டு முப்பது நாள்னு ஒழுங்கா இருந்தது, அப்பறம் நாப்பத்தஞ்சு, பதினேழு, நடுவுல ரெண்டு மாசம் இல்லவே இல்ல. ராத்திரி வேத்துக் கொட்டறது, மூணு மணிக்கு முழிப்பு வர்றது, எல்லாம் அதே மாசங்கள்ல. எனக்கே அது ரெண்டும் சேத்துப் பாக்கத் தோணல, நாலு எடத்துலயும் ஒருத்தர் கூடக் கேக்கவும் இல்ல.

ஈரோட்ல ஒரு லேடி டாக்டர்கிட்ட அந்தக் காலண்டரயே கொண்டு போனேன். அவங்கதான் மொத மொதல்ல முழுசா உக்காந்து கேட்டாங்க. மாதவிலக்கு நிக்கறதுக்கு முந்தின சில வருசம் ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளைங்க ஹார்மோன் ஏறி எறங்கி ஆடும், அது கர்ப்பப்பைக்கு மட்டுமில்ல தசை, தசைநார், மூட்டு எல்லாத்துக்கும் வேண்டியது, அது கொறையறப்ப வீக்கமும் இறுக்கமும் வரும், தூக்கம் கெட்டா வலி இன்னும் ஜாஸ்தியாத் தெரியும்னாங்க. தோள்பட்டை இப்படி இறுகிப் போறதுக்கு ப்ரோசன் ஷோல்டர்னு பேரு, நாப்பதுல இருந்து அறுவது வயசுக்குள்ள, அதும் பொம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி, சுகர், தைராய்டு இருந்தா இன்னும் ஜாஸ்தி. அப்பத்தான் தைராய்டு, மூணு மாச சராசரி சுகர், வைட்டமின் டி பாக்கச் சொன்னாங்க. டி மட்டும் 11, இருவதுக்குக் கீழ இருந்தாலே கொறைவாம், தோட்டத்துல வெயில்லயே கெடக்கற எனக்கு. ஹார்மோன் டெஸ்ட் எடுக்கலைங்களான்னு கேட்டேன், நாப்பத்தஞ்சு தாண்டினவங்களுக்கு இந்த அறிகுறி இருந்தாலே போதும், அந்த அளவு நாளுக்கு நாள் மாறும்னு சொல்லிக் காசு மிச்சம் பண்ணாங்க. ஹார்மோன் மருந்தப் பத்தியும் பேசுனாங்க. எங்கம்மாவுக்கு மார்புல கேன்சர் வந்ததச் சொன்னதும் அத இப்ப வேண்டாம்னு வெச்சுட்டோம். உங்க வீட்ல அப்படி இருந்தா கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லிருங்க.

அன்னிக்கு ராத்திரி எம் மக போன்ல தேடிப் படிச்சுக் காட்டுனா, வோண்டா ரைட்னு ஒரு அமெரிக்க எலும்பு டாக்டரும் கூட இருந்தவங்களும் 2024லதான் இந்த வலிக்கெல்லாம் சேத்து ஒரு பேரே வெச்சிருக்காங்களாம், இந்தக் கட்டத்தத் தாண்டற பொம்பளைங்கள்ல 70 சதவீதத்துக்கு மேல இது வருதாம். அத்தன பேருக்கு வர்றதத்தான் என்கிட்ட ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்புனாங்க.

வைட்டமின் டி 60,000 யூனிட், வாரத்துக்கு ஒண்ணு, எட்டு வாரம், பாலோட. எட்டு வாரத்துக்கு மேல நீங்களா வாங்கிச் சாப்பிடாதீங்க, ரத்தத்துல கால்சியம் ஏறிரும். பிசியோ வாரம் ரெண்டு நாள். சுடுதண்ணி ஒத்தடம் பத்து நிமிசம், அப்பறம் குனிஞ்சு கையத் தொங்க விட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டறது, செவுத்துல விரலாலயே எறும்பு மாதிரி ஏர்றது. வலிக்கற எடத்தோட நிறுத்திக்கணும், தம் கட்டி இழுக்கக் கூடாதுன்னு அந்தப் பிசியோ பொண்ணு மொத நாளே சொல்லிருச்சு, சுளுக்கு எடுத்தவரு பண்ணது அதுதான். வலி கொறைஞ்சதும் ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு வெச்சுத் தூக்கறது, நாக்காலில உக்காந்து கை ஊணாம எந்திரிக்கறது. தசைக்கு வலு ஏத்துனாத்தான் இது அடங்குமாம். செவுத்துல நான் எட்டற உயரத்த எம் மக பென்சில்ல கோடு போட்டா, மொத வாரம் காது மட்டத்துல இருந்த கோடு ரெண்டு மாசத்துல தலைக்கு மேல போச்சு.

எல்லா வலியும் இதுதான்னு நெனச்சுறாதீங்க. மூட்டு வீங்கிச் சூடா இருந்தா, காலைல இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னா, காய்ச்சல் இருந்தா, எடை கொறைஞ்சா அது வேற, சீக்கிரம் காட்டணும். ஒரு வருசம் தூரம் நின்னு போனதுக்கப்பறம் திரும்ப ரத்தம் பட்டாலும் ஒடனே போகணும். எந்த டாக்டர்கிட்டப் போனாலும் காலண்டரயும் பழைய ரிப்போர்ட் மொத்தத்தையும் ஒட்டுக்கா ஒரே பைல்ல கொண்டு போங்க, கேக்கறதுக்கு முந்தி நீங்களே எடுத்து மேசைல வெச்சிருங்க.

இந்த ஆடி நோம்பிக்கு சந்தகை நானே பிழிஞ்சேன். ரெண்டு தடவை நிறுத்தி நிறுத்தித்தான், ஆனா நாந்தான் பிழிஞ்சேன். கை இன்னும் முதுகுப் பக்கம் போக மாட்டேங்குது, அதுக்கு இன்னும் ஆறு மாசம் ஆகலாம்னு சொல்லியிருக்காங்க. வர்ற வெசாழக்கெழமை ரிவ்யூ, பைல் இப்பவே கதவோரம் ஆணில தொங்குது.