பதினோரு "அது"

எடிட்டிங் வேலைக்கு வந்ததுல இருந்து எத்தனை நாவல் கைப்பிரதி படிச்சிருப்பேன்னு கணக்கு இல்ல, ஆனா வீட்டை விட்டு துரத்துற சீன் வருதுன்னா பக்கத்த திருப்பாமலே சொல்லிடுவேன், அப்பா கத்துவாரு, அம்மா வாயப் பொத்திட்டு அழுவாங்க, வெளிய மழை கொட்டும். மழை இல்லாம நம்ம ஆளுங்க ஒருத்தனையும் வெளிய அனுப்புறதில்ல.

வேலைக்கு சேந்த புதுசுல ஒரு நாவல் வந்துச்சு. வேலை போன மகன் வீட்லயே ஒரு ரூம்ல கிடக்குறான், யாரும் அவனை போன்னு சொல்லல. கடைசி நாலு அத்தியாயத்துல அம்மா "அது சாப்ட்டுச்சா"ன்னு கேக்குறாங்க, அதுக்கு முன்னாடி வரைக்கும் அவன், இவன் தான். டைப்பிங் மிஸ்டேக்னு நெனச்சு ஃபைண்ட் போட்டு பதினோரு "அது"வையும் "அவன்" ஆக்கி, வினைமுற்றையும் மாத்தி, நீட்டா அனுப்பிட்டேன், அதுல எனக்கு பெருமை வேற. எழுத்தாளர் போன் பண்ணாரு. திட்டல. "நாவலே அந்த பதினோரு எடத்துல தான் சார் இருக்கு, நீங்க அவனை திரும்ப வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டீங்க"ன்னாரு.

அன்னிக்கு நைட்டு, ஜெர்மன்ல எழுதுன காஃப்காவோட "உருமாற்றம்" எடுத்து மறுபடி படிச்சேன். 1915ல வந்த கதை. காலேஜ்ல படிச்சப்போ மனுஷன் பூச்சியானது தான் எனக்கு பெருசா தெரிஞ்சுது, இப்போ வீட்டுக்காரங்க தான் கண்ணுல பட்டாங்க. அப்பா அம்மாவோட கடனை அடைக்க ஊர் ஊரா சேல்ஸுக்கு அலைஞ்சவன் கிரிகோர். தங்கச்சி கிரெட்டே மொதல்ல அவனுக்கு எது பிடிக்கும்னு பாக்க தினுசு தினுசா சாப்பாடு கொண்டு வந்து வைக்குறா, அவன் ஊர்ந்து போக இடம் வேணும்னு அலமாரிய வெளிய இழுக்குறா. நல்ல எண்ணம் தான், ஆனா அலமாரி போனதும் அது மனுஷன் இருந்த ரூமா தெரியல. அப்புறம் அப்பா எறிஞ்ச ஆப்பிள் முதுகுல பதிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல அப்படியே கிடக்குது, எடுத்துவிட ஒருத்தரும் வரல. இவன் சம்பாத்தியம் நின்னதும் அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேருக்கும் வேலை கிடைச்சிடுது, மாச சம்பளக்காரன் எனக்கு இந்த எடம் ஆப்பிளை விட அதிகமா குத்துச்சு.

கடைசியில அதே தங்கச்சி தான் இந்த ஜந்து முன்னாடி அண்ணன் பேரைச் சொல்ல மாட்டேன், இதை ஒழிச்சாகணும்னு சொல்றா. ஜெர்மன்லயும் அங்க அஃறிணை பிரதிப்பெயர் தான். கதை சொல்றவர் மட்டும் அவனை கடைசி வரைக்கும் "அவன்"னே சொல்லிட்டு வர்றாரு. புத்தகமா போட்டப்போ அட்டையில பூச்சிய வரையவே கூடாது, தூரத்துல கூட காட்டக் கூடாதுன்னு காஃப்கா பதிப்பாளருக்கு லெட்டர் எழுதுனாராம், கடைசியில முகத்த பொத்திட்டு நிக்குற ஒரு ஆளும் பின்னாடி தொறந்த கதவும் தான் அட்டையில வந்துச்சு.

தமிழ்ல இந்த வேலைய வினைச்சொல்லே பாத்துக்கும். வந்தான், வந்துச்சு, அவ்ளோ தான்.

மறுநாள் பதினோரு எடத்தையும் பழையபடி மாத்தி வச்சேன். அப்புறம் ஒரு சந்தேகத்துல முதல் அத்தியாயத்துக்கு போனா, கைக்குழந்தைய தோள்ல போட்டுட்டு அதே அம்மா, "சத்தம் போடாதீங்க, அது இப்போ தான் தூங்குச்சு"ங்குறாங்க. அதை நான் தொடவே இல்ல, ஏன்னா அங்க அது எனக்கு தப்பாவே தெரியல.