கால்மணி நேரம் தனியாக இருப்பது எப்படி

தனியாக இருக்க நேரமே இல்லை என்று சொல்பவர்களின் நாளைப் பிரித்துப் பார்த்தால் பத்து நிமிடம், கால்மணி நேரம் என்று தனிமை அங்கங்கே சிதறிக் கிடக்கும். அத்தனையிலும் கைபேசி புகுந்திருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் இன்னொருவர் பேச்சு காதுக்கோ கண்ணுக்கோ வந்துகொண்டிருந்தால் அதைத் தனிமைக் கணக்கில் சேர்க்க முடியாது. புத்தகத்துக்கும் பாட்டுக்கும்கூட இதுவே விதி. இரண்டும் நல்லவைதான், வேறு வேளைக்கு.

எவ்வளவு நேரம் வேண்டும்? 15 நிமிடம் போதும். 2018இல் துய்-வி நுயென், ரிச்சர்ட் ரயன், எட்வர்ட் டெசி ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 15 நிமிடம் தனியே உட்கார்ந்தவர்களுக்குக் கோபம், பதற்றம் போன்ற கொந்தளிப்புகள் தணிந்தன. கூடவே உற்சாகமும் குறைந்தது! தனிமை எல்லா உணர்ச்சியின் சூட்டையும் சேர்த்தே தணிக்கிறது. அதனால் மேடையேறிப் பேசவோ விளையாடவோ போகும் முன் இது வேண்டாம். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பு, அல்லது ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு என்றால் பொருத்தம். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

ஆரம்பத்தில் கஷ்டமாக இருக்கும். உளவியலாளர் திமோதி வில்சன் குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், வெறும் அறையில் 15 நிமிடம் சிந்தனையோடு மட்டும் இருக்கச் சொன்னார்கள். அங்கே இருந்த ஒரு பொத்தானை அழுத்தினால் லேசான மின் அதிர்ச்சி கிடைக்கும். காசு கொடுத்தாவது அந்த அதிர்ச்சியைத் தவிர்ப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதை அழுத்திவிட்டார்கள். ஆகவே மூன்றாவது நிமிடத்தில் கை கைபேசியைத் தேடினால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

இந்தத் தவிப்புக்குப் பெரிய காரணம், பாதியில் விட்ட வேலைகள். ஒரு வேலையிலிருந்து எழுந்து வந்தாலும் கவனத்தின் ஒரு துண்டு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உட்காருவதற்கு முன் ஒரு தாளில், முடியாமல் நிற்கும் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல். ‘வரிக் கணக்கு’ என்று மட்டும் எழுதினால் மனம் அதை விடாது. ‘நாளை காலை ரசீதுகளை ஓர் உறையில் போடுவது’ என்று எழுதினால் விட்டுவிடும். இரண்டு நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டாம், அது திட்டமிடுதலாகிவிடும்.

கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைத்தால், எடுக்காமல் இருப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. நேரம் காட்ட அலாரக் கடிகாரம் போதும். அது இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்க்கத் தோன்றும். தினமும் ஒரே நாற்காலி நல்லது. கட்டில் மட்டும் கூடாது. உட்கார முடியாதவர்கள் நடக்கலாம், ஆனால் பழகிய வழியில். புது வழி என்றால் திருப்பங்களைப் பார்ப்பதிலேயே கவனம் போய்விடும்.

மனதை வெறுமையாக்க முயல வேண்டாம், இது தியானம் இல்லை. எண்ணம் போகிற போக்கில் போகட்டும். அடிக்கடி நேரும் சிக்கல் வேறு: ஒரே நினைப்பு செக்குமாடு மாதிரி சுற்றி வரும். மூன்றாம் முறை வந்தால் தாளில் ஒரே வாக்கியமாக எழுதி, கீழே ‘நாளை இதற்கு என்ன செய்ய முடியும்?’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு அதோடு எழுந்துவிடுவது உத்தமம். தொடர்ந்து உட்கார்ந்தால் புலம்பல்தான் வளரும். தினமும் தூங்கிப்போகிறீர்களா? அது தூக்கக் கடன். முதலில் அதைத் தூங்கி அடைத்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லாமல் கதவைச் சாத்தினால் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘கொஞ்ச நேரம் தொந்தரவு பண்ணாதீங்க’ என்பதைவிட ‘7:15க்கு வந்துடுவேன்’ என்பது நன்றாக வேலை செய்யும். சொன்ன நேரத்துக்கு வெளியே வந்தால்தான் மறுநாளும் விடுவார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் முறை வைத்துக்கொள்வது ஒன்றே வழி. ஒருவர் எடுக்கும் கால்மணியை இன்னொருவருக்கும் கொடுத்தாக வேண்டும்.

விரும்பி எடுத்த தனிமைக்கும் வந்து விழுந்த தனிமைக்கும் பலன் வேறு. பல நாள் தொடர்ந்து மனம் கனத்தே எழுந்திருந்தால், ஆட்களைப் பார்க்கவே பிடிக்காமல் போனால், இந்தக் கால்மணியை நிறுத்திவிட்டு யாரிடமாவது போய்ப் பேசுங்கள். அப்போது தேவைப்படுவது துணை.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அரைமணி உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம். மறுபடியும் அதே 15 நிமிடம்தான். அலாரம் அடித்ததும் நேராகக் கைபேசி இருக்கும் அறைக்கு ஓடாமல், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தாளில் எழுதியதை ஒருமுறை பாருங்கள்.