கிண்டர்டைக்: காற்றாலைக்குள் ஒரு குடும்பம்

நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் கிண்டர்டைக். எராஸ்மஸ் பாலத்தருகே படகேறிப் போவது சுகம். லெக், நோர்ட் ஆறுகள் கூடுமிடத்தில் 19 காற்றாலைகள் நிற்கின்றன. 1738இல் கட்டிய எட்டும் வட்டச் செங்கல் கட்டடங்கள். 1740இல் கட்டிய எட்டும் எண்கோண வடிவில், நாணல் வேய்ந்தவை.

இவை மாவரைத்தவை அல்ல, தண்ணீர் இறைத்தவை. ஆற்றைவிடத் தாழ்ந்த நிலம் என்பதால் கால்வாய் நீரைத் துடுப்புச் சக்கரத்தால் மேல் தேக்கத்துக்கு ஏற்றி, ஆற்றுமட்டம் இறங்கும்போது மதகைத் திறந்துவிடுவார்கள். மழை ராத்திரியில் பெய்தால் ராத்திரியிலேயே ஓட்டியாக வேண்டும். அதனால்தான் ஆலைக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு உள்ளேயே குடியிருந்தார். இன்றும் பலவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள், கதவைத் தட்டாதீர்கள். நேடர்வார்ட், ப்ளோக்வேர் இரண்டும் அருங்காட்சியகங்கள், அவற்றுக்குள் போகலாம்.

உள்ளே போனால் சுவரோடு பதித்த அலமாரிக் கட்டில்களைப் பாருங்கள். அதைவிட முக்கியம், எதிரெதிராக உள்ள இரண்டு வாசல்கள். இறக்கைகள் தரையை உரசுவதுபோலத் தாழ்ந்து சுற்றும். காற்று திசை மாறினால் பின்புறத்து நீண்ட கழியையும் சக்கரத்தையும் கொண்டு தலைப்பகுதியைத் திருப்புவார்கள். அப்போது இறக்கை எந்த வாசலுக்கு முன்னாலும் வந்துவிடும். ஒரு வாசல் மட்டும் இருந்தால் குழந்தை வெளியே ஓடிய நொடியில் அடிபடும்.

ஓட்டுவதற்கு நான்கு இறக்கைகளிலும் பாய்த்துணி விரிக்க வேண்டும். காற்று கூடினால் பாயைச் சுருட்டி அளவைக் குறைப்பார்கள். தாமதித்தால் பிரேக் பிடித்தும் நிற்காது. பெரிய பல்சக்கரத்தைச் சுற்றியிருக்கும் மரக்கட்டைகள் உரசிச் சூடேறித் தீப்பிடிக்கும். மரப்பற்களுக்குத் தேன்மெழுகு, அச்சுத் தாங்கிக்குப் பன்றிக்கொழுப்பு. கிரீஸ் டப்பாவைத் தேடாதீர்கள்.

குடும்பச் செய்தியையும் இறக்கையே சொல்லிவிடும். முன்னாலிருந்து பார்த்தால் அது இடஞ்சுழியாகச் சுற்றும். மேல் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால், அதாவது வலப்பக்கம் சாய்ந்து நின்றால் கல்யாணம், பிரசவம். உச்சியைத் தாண்டி இடப்பக்கம் நின்றால் சாவு. 2014இல் டச்சுக்காரர்கள் பலர் பயணித்த மலேசிய விமானம் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டபோதும் நாடெங்கும் இப்படித் துக்கநிலையில் நிறுத்தினார்கள்.

இங்கே வேர் உள்ளவர்கள் பழைய பதிவுகளைத் தேடுவதானால் 1811க்குப் பிந்தைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் தொடங்குங்கள். அவற்றில் தந்தையின் தொழில் இருக்கும். 'வீ வாஸ் வீ' (WieWasWie) இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அல்பிளாசர்டாம், நியூ-லெக்கர்லாண்ட் இரண்டு ஊர்ப் பதிவுகளையும் பார்ப்பது நல்லது. பிறப்புப் பதிவு 100 ஆண்டு, திருமணம் 75, இறப்பு 50 கழிந்தால்தான் பொதுவுக்கு வரும். 1811க்கு முன்னால் தேவாலயத்து ஞானஸ்நானப் புத்தகங்கள்தான். அதில் பலருக்கும் நிலையான குடும்பப்பெயரே இருக்காது, அப்பன் பெயரைப் பிடித்துத்தான் போக வேண்டும்.

பலர் சறுக்குவது 1832 நிலப்பதிவேட்டில். தாத்தாவின் பெயர் இல்லையென்று திரும்பிவிடுவார்கள். ஆலை, வடிகாலைக் கவனிக்கும் நீர்வாரியத்தின் சொத்து, குடும்பம் சம்பளத்துக்கு இருந்தது. வாரியத்தின் நியமனக் குறிப்புகளையும் சம்பளக் கணக்கையும் கேளுங்கள்.