கேஸ் என்று வருகிறவர்கள்

செப்டம்பர் 3, 2025

இரவு டியூட்டி. பதினொன்றரைக்கு ஒருவரை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார்கள். வயது 34, டெலிவரி வேலை. "வயித்துல கேஸ்தான் சிஸ்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்றார். சாயங்காலமே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, மேலே சோடாவும் குடித்திருக்கிறார். தலைக்கு மேல் ஃபேன் ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அந்த வியர்வையைப் பார்த்துவிட்டால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை, உடனே ஈசிஜிதான். ஈரத்தில், நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி லீட் நழுவிக்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து ஒட்டினேன். வி2 முதல் வி4 வரையிலான லீட்களில் எஸ்டி என்ற கோட்டுப் பகுதி நன்றாகவே தூக்கியிருந்தது. மாரடைப்பின் அடையாளம்.

டாக்டர் உடனே லோடிங் டோஸ், அதாவது முதலில் மொத்தமாகக் கொடுக்கும் அதிக அளவு மருந்து, கொடுக்கச் சொன்னார். ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, ஆக 14 மாத்திரை. 2023-இல் தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டம் வந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இது கிடைக்கிறது. சாயங்காலமே அங்கே போயிருந்தால் எத்தனை மணி நேரம் மிஞ்சியிருக்கும்! இதய ரத்தக்குழாயில் அடைப்பு நீடிக்க நீடிக்க இதயத் தசை செத்துக்கொண்டே போகும். செத்தது திரும்ப வராது. 108-இல் ஏற்றி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம்.

செப்டம்பர் 4

அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாயான ஸ்டென்ட் வைத்துவிட்டார்களாம். அவர் மனைவி போனில், "இந்த வயசுல எப்படி சிஸ்டர்?" என்று அழுதார். கணவரின் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். 48 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். "நல்ல சாவு" என்று ஊரே சொன்னதாம். அதைக் குடும்பத்தில் இருக்கும் இதய நோயாக யாரும் நினைக்கவேயில்லை. எனக்கு ஆறவில்லை. பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2007-இலேயே சொல்லிவிட்டது: முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு 59. லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒன்று இருக்கிறது, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகள், பரம்பரையாக வருவது. இந்தியர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு அது அதிகம். ஒல்லியாக இருப்பதாலோ தினமும் நடப்பதாலோ அது குறைந்துவிடாது. அப்பாவோ அண்ணனோ இளவயதில் போயிருந்தால் வாழ்நாளில் ஒரு முறையாவது அதைப் பார்த்துவிட வேண்டும்.

செப்டம்பர் 9

வார்டில் மறுபடியும் தடுப்பூசிப் பேச்சு. இளவயது மாரடைப்புக்குக் கொரோனா ஊசிதான் காரணமாம். 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டது. ஊசியால் ஆபத்து கூடவில்லை. குடும்பத்தில் திடீர் மரணம், புகை, கடைசி 48 மணி நேரத்தில் மிதமிஞ்சிய குடி, இவை போன்றவைதான் கூட்டியிருந்தன. ஊசியின் மேல் பழி போட்டுவிட்டு சிகரெட்டோடு வெளியே போகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

செப்டம்பர் 12

அந்த டெலிவரிக்காரரின் தம்பி ரிப்போர்ட் நகல் வாங்க வந்தார். வயது 29. சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் தெரிந்தது. "உட்காருங்க தம்பி" என்று பிபி பார்த்தேன். 152/98, அதிகம்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தேன், பெரிதாக மாறவில்லை. தொற்றா நோய்களுக்கான என்சிடி பிரிவில் பெயரைப் பதிந்தாயிற்று. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் நாளைக் காலை வெறும் வயிற்றில் வருகிறேன் என்றிருக்கிறார். அண்ணிக்கும் போன் போட்டு ஞாபகப்படுத்தச் சொல்லிவிட்டேன்.