பால் நோட்டில் அப்பா போட்ட வட்டங்கள்

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று 2022 நவம்பரில் தெரிந்தபோதே அது கல்லீரலுக்குப் பரவியிருந்தது. நான்காம் நிலை. அதற்கு முன் மூன்று மாதம் முதுகுவலி என்று ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் வலி குறைகிறது என்பார். கணையத்து வலி பல பேருக்கு அப்படித்தான் இருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் தோட்டம் கவுந்தப்பாடி பக்கம். கீமோ கோவையில். காரில் போக மட்டும் இரண்டரை மணி நேரம். ஜெம்சிடபின், நாப்-பக்ளிடாக்செல் இரண்டையும் சேர்த்து வாரம் ஒரு முறை, மூன்று வாரம். நாலாவது வாரம் ஓய்வு. 28 நாள் ஒரு சுற்று. முதல் இரண்டு சுற்றும் நன்றாகவே கேட்டது. வலி குறைந்தது, இந்தப் புற்றுநோயின் போக்கைக் காட்டும் சிஏ 19-9 அளவு ரத்தத்தில் இறங்கியது, அரிசிம்பருப்புச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதனால் கீமோவே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மாதங்கள் அது கொடுத்தவை.

பிப்ரவரியில் தோட்டத்தில் மஞ்சள் வேக வைத்தோம். அந்த வாசனையிலேயே வளர்ந்த மனுஷர். ஆவி வீட்டுப் பக்கம் அடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா அடுப்படியில் நின்று அழுதார். விரல் நுனியெல்லாம் மரத்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனதும் அந்தச் சமயம்தான்.

சொசைட்டிக்குப் பால் ஊற்றும் கணக்கை அப்பா ஒரு நோட்டில் எழுதி வைப்பார். தேதி, காலை, மாலை, லிட்டர். உடம்புக்கு முடியாமல் போன பிறகு பால் கறந்து ஊற்றுவது அம்மா, எழுதுவது மட்டும் அப்பா. ஏப்ரல் கடைசியில் அதைப் புரட்டியபோது சில தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. என்னதென்று கேட்டேன்.

"நானா நடந்து மாட்டுக் கட்டுத்தரைக்குப் போன நாளு அம்மிணி" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். ஜனவரியில் 19. பிப்ரவரியில் 14. மார்ச்சில் 9. ஏப்ரலில் 4. பேனா பிடிக்க வராத விரலால் போட்டது, கடைசி இரண்டும் வாய் மூடாமல் நின்றிருந்தன.

மே மாத ஸ்கேனில் கல்லீரலில் புதுக் கட்டிகள், வயிற்றில் நீர். இன்னொரு மருந்து இருக்கிறது, முயற்சி செய்யலாம் என்றார் டாக்டர். பெங்களூரில் இருக்கும் தம்பி, "ரோட்டோரத்து ஒரு ஏக்கரைக் குடுத்தாவது பாக்கோணும்க்கா" என்றான். எனக்குக் கோபம் வந்தது. அவன் பயத்தில் பேசினான் என்பது பிறகுதான் புரிந்தது.

அடுத்த தடவை கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். இந்த மருந்து கேட்டால் எவ்வளவு காலம் கூடும்? கேட்காமல் போக எவ்வளவு வாய்ப்பு? அதில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகும்? நிறுத்தினால் வலியை யார் பார்ப்பார்கள்? டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கேட்டால் சில மாதம்; கேட்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்; பகலில் பாதிக்கு மேல் படுத்தே இருப்பவருக்குக் கீமோ நன்மையைவிடத் தொல்லைதான் அதிகம் செய்யும். நாலாவது கேள்விக்கு மட்டும் வழக்கமான வலி மாத்திரையையே திரும்ப எழுதிக் கொடுத்தார். அந்த ஒன்றை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

இத்தனை பேர் இத்தனை பேசியும் அப்பாவை யாரும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நான்தான் கேட்டேன். "ஏனுங்ப்பா, இனியும் கீமோவுக்குப் போலாங்களா?"

"எதுக்குக் கண்ணு? ஊசி போட்டுட்டு வந்து நாலு நாளு படுக்கறேன். எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த ஊசி. வாய்க்கால்ல தண்ணி உடறப்ப என்ற வாசல்ல உக்காந்திருக்கோணும். அது போதும்."

தம்பி வந்ததும் பால் நோட்டை அவன் கையில் கொடுத்தேன். பார்த்துவிட்டு எழுந்து தென்னை மரத்துப் பக்கம் போனான். திரும்பி வந்து அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏக்கர் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.

கோவையிலேயே வேறொரு ஆஸ்பத்திரியில் வலி நிவாரணப் பிரிவு இருப்பது ஒரு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. அங்கே மார்ஃபின் மாத்திரை தொடங்கினார்கள், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இது எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. அனுமதி பெற்ற இடத்தில்தான் வாங்க முடியும். 2014இல் சட்டத்தைத் திருத்தி ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதை எளிதாக்கியிருக்கிறார்கள். மாமன் "போதை மாத்திரை, சீக்கிரம் கொண்டுபோயிரும்" என்று பயமுறுத்தினார். வலிக்குத் தக்க அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கு மருந்தை முதல் நாளே சேர்க்க வேண்டும். இரண்டாம் நாள் ராத்திரி அப்பா விடிய விடியத் தூங்கினார். மூச்சு வருகிறதா என்று அம்மா மூன்று தடவை மூக்கில் கை வைத்துப் பார்த்தார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். வயிற்று நீரை இரண்டு தடவை கோவையில் எடுத்தோம். நிறுத்தியது கீமோவை மட்டும்தான், மற்ற வைத்தியமெல்லாம் நடந்தது.

ஆகஸ்டில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கட்டிலோடு வாசலில் போட்டோம். பேசவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசிப் பத்து நாள் சோறு இறங்கவில்லை. அத்தை வந்து, "ஒரு குளுக்கோஸாவது ஏத்தக்கூடாதா, பட்டினி போட்டா அனுப்புவீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்த வார்த்தை உள்ளே எரிந்தது. நர்ஸம்மாதான் அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, இப்போது பசி இருக்காது, ஏற்றினால் அந்தத் தண்ணீர் காலிலும் நெஞ்சிலும்தான் போய்ச் சேரும் என்று சொல்லிக் கொடுத்தார். அப்புறம் பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்தும் வேலையை அத்தையே எடுத்துக்கொண்டார், முடியும்வரை.

காரியமெல்லாம் முடிந்து, மீதியிருந்த 17 மார்ஃபின் மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். டாக்டர் எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு, நவம்பரிலேயே அப்பாவை இங்கே கூட்டி வந்திருக்கலாமா என்று கேட்டேன்.

"வந்திருக்கலாம்மா. கீமோ நடக்கும்போதே இதையும் பார்க்கலாம்" என்றார்.